தலைகீழாய் விழுந்த பூண்டு

என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தோட்டச் சங்கத்திடம் நான் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டாள் என் மகள் ஐரிஸ். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது ஒரு குற்றமா? வீட்டுக்கு வந்த பிறகு, தோட்டச் சங்கச் செயலாளர் வில்ஃப் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"இந்த மாசத்தோட குத்தகை முடியுது ஹில்டாக்கா. திங்கக்கிழமை புது ஆள் வர்றாரு. நீங்களும் எத்தனை நாளைக்குத்தான்..."

"வாயை மூடுடா. நான் இன்னும் சாகல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களிமண்ணாய்க் கிடந்ததை உரம் போட்டுப் போட்டு நான் பதமாக்கிய மண் அது. எங்கள் சங்கத்தில் ஒரு பழைய விதி உண்டு. குத்தகை முடியும் அன்று மண்ணில் பயிர் இருந்தால், பறிக்கும்வரை தோட்டம் நட்டவருக்குத்தான். இப்போது நட்டால் அடுத்த ஜூலை வரை மண்ணில் கிடக்கிற பயிர் எது? பூண்டு!

சனிக்கிழமை ஐரிஸ் கடைக்குப் போனதும், ஒரு கூடைப் பூண்டை வாக்கரில் மாட்டித் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் என் உருளைக்கிழங்கைத் தோண்டி வைத்திருந்ததால் பாத்தி பொலபொலவென்றிருந்தது. ஆனால் நான் குனியக் கூடாதே! கொட்டகையில் கிடந்த மழைநீர்க் குழாயை எடுத்தேன். அதை மண்ணில் குத்தி, நின்றபடியே ஒரு பூண்டுப் பல்லை உள்ளே போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். மூச்சு வாங்கியது. வாங்கட்டும்.

வில்ஃப் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"கூர்முனை மேல பாத்து நடணும்னு எங்களைத் திட்டுவீங்களே அக்கா! இது தலைகீழா விழுந்தா?"

"விழுந்தா என்னடா? வளைஞ்சாவது மேல வரும். நீ போய் விதியைப் படி."

அவன் சிரிப்பு நின்றது. "அடேங்கப்பா! ஜூலை வரைக்கும் உங்களை அசைக்க முடியாதா?"

"அதுக்குள்ள நடுவுல முட்டைக்கோஸ் வெச்சிருப்பேன். அப்புறம் மறுபடியும் பூண்டு."

அதற்குள் ஐரிஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"உனக்குப் பைத்தியமாம்மா? மறுபடி விழுந்தா என்ன பண்ணுவ?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"போன தடவை உன் வீட்டுக் குளியலறையில விழுந்தேன். அதை யாருக்காவது விட்டுக்கொடுத்தியா? அந்தக் கூடையை எடுடீ. இன்னும் பாதிப் பாத்தி பாக்கியிருக்கு."