நாற்பத்தேழாம் கேள்வி

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. டைப் அடிக்க வந்த காகிதக் கட்டிலிருந்து எடுத்தது.

எண்பத்து மூன்றில் கோவில்பட்டியில் ஒரு மாடியறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். ஐந்து மெஷின், அதில் ஒன்று தமிழ். மனு, பத்திரம், புகார், வாபஸ் வாங்கிய புகார், எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். அந்த ஆவணியில் சங்கரபாண்டி என்று ஒரு பையன் (பையன் என்று சொல்லக்கூடாது, எம்.ஏ. சமூகவியல் முடித்தவன், கடம்பூர்க்காரன், இருபத்தைந்து வயது) ஒரு பெரிய கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மேல் தாளில் எழுதியிருந்தது: "கரிசல் கிராமங்களில் சமகாலச் சமூகப் பிரச்சினைகளும் நலத் தேவைகளும்: ஒரு பயன்முறைச் சமூகவியல் ஆய்வு." தலைப்புக்கே தனி ரிப்பன் கேட்கலாமா என்று யோசித்தேன்.

அட்டவணை அடிக்கிறவனுக்கு எண்தான் கண்ணில் படும். நாற்பத்தேழாம் கேள்வி: "நேற்று எத்தனை வேளை உண்டீர்கள்?" அதன் கீழே ஒரே ஊரின் நூற்றுப்பதினெட்டு வீடு. பேனாவில் 3, 3, 3, 3 என்று கடைசி வரைக்கும் மூன்று. மழை பொய்த்து அது இரண்டாவது வருஷம். அந்த ஊர்க் காடுகரையில் வேலிக்கருவையைத் தவிர பச்சை என்று எதுவும் கிடையாது. அங்கே ஊரோடு மூன்று வேளை சாப்பிட்டார்களாம். நானே அன்றைக்கு இரண்டு வேளைதான்.

ஒவ்வொரு மூன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் வேறொரு எண் இருந்தது. "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். அவன் சொன்னதுதான் கதை. அவன் சொல்லாததையும் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். எங்கே என்று அங்கங்கே சொல்லிவிடுவேன்.

2.

ஆரம்பம், முதல் முயற்சி: "வானம் பார்த்த கரிசல் மண் வெடித்துப் பிளந்து கிடந்தது. தூரத்தில் ஒற்றை மனிதன்..."

வேண்டாம். கரிசல் என்று எழுதினாலே மண் வெடித்துக் கிடக்க வேண்டும் என்று எவனோ சட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

இரண்டாம் முயற்சி: "ஏழைகளின் கண்ணீரைத் துடைக்கவே சங்கரபாண்டி சமூகவியல் படித்தா..."

பச்சைப் பொய். வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை, அதனால் படித்தான். ஆய்வை நடத்துகிற பேராசிரியர் சண்முகராஜிடம் நல்ல பெயர் வாங்கினால் ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைக்கும். அதனால் ஊர் ஊராகப் போனான். பேராசிரியருக்குப் போளி என்றால் உயிர். அதனால் அவன் பையில் கேள்வித்தாளோடு ஒரு பொட்டலம் கடம்பூர்ப் போளியும் இருந்தது.

ஆக, மூன்றாம் முயற்சி. எட்டயபுரத்திலிருந்து நாகலாபுரம் போகிற வழியில் ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் ரோஷக்காரர்கள். பஸ்ஸை விட்டு இறங்கிச் சங்கரபாண்டி நடக்கிறான். அவனுக்கே ஒரு விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும், உங்களுக்கு நான் முழுசாகச் சொல்கிறேன். ஒரு தர்ம ஸ்தாபனம் பெரியவர்களுக்குக் கஞ்சித்தொட்டி திறக்க இருந்தது. பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு வந்துவிட்டதே. ஆய்வு நடக்கிற மூன்று ஊரில் எந்த ஊர் ஆகக் குறைவாகச் சாப்பிடுகிறதோ அந்த ஊருக்குத் தொட்டி, அடுத்த வெள்ளாமை வரைக்கும் தினமும் கஞ்சி. ஊரைத் தேர்ந்தெடுக்கப்போவது நாற்பத்தேழாம் கேள்வி.

3.

முதல் மூன்று நாள் வேலை சுகமாகப் போனது. மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு கேள்விகள், எல்லாம் பேராசிரியர் தயாரித்தவை. முப்பத்தொன்றாம் கேள்வி, "தங்களுக்கு அந்நியமாதல் உணர்வு உண்டா?" என்பது. தங்கச்சாமி என்ற சம்சாரி (எங்கள் பக்கம் விவசாயிக்கு அதுதான் பெயர்) அதற்கு நெடுநேரம் யோசித்தார்.

"அந்நியர்னு யாரும் வரலையே தம்பி. போன மாசம் ஊசி போடுத நர்சம்மா வந்தாவ. பெறவு நீங்கதான் வந்திருக்கிய."

"அது இல்ல அண்ணாச்சி. ஊரோட இருந்தும் தனியா இருக்க மாதிரி தோணுதான்னு கேக்குதேன்."

"அப்படி ஒரு நாள் வாச்சா நல்லாத்தான் இருக்கும். எங்க விடுதாவ?"

சங்கரபாண்டி 'இல்லை' என்று எழுதிக்கொண்டான்.

நாற்பத்தேழாம் கேள்வியை மட்டும் அவனால் அச்சில் இருந்தபடி கேட்க முடியவில்லை. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு எத்தனை வேளை தின்றாய் என்று கேட்பது அவனுக்கு அசிங்கமாக இருந்தது. நம்ம பக்கத்துப் பிள்ளை, நம்ம பக்கத்து வழக்கப்படி கேட்டான்: "சாப்பாடெல்லாம் ஆச்சா? நேத்து மூணு நேரமும் சாப்ட்டியளா?"

"ஆச்சு தம்பி. அதுக்கென்ன கொறை?"

மூன்று என்று எழுதினான். அடுத்த வீட்டிலும் ஆச்சு. அதற்கடுத்த வீட்டிலும் ஆச்சு.

(வெளியூர் வாசகருக்காக ஓர் அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் இடமில்லாததால் நடுவிலேயே வைக்கிறேன். எங்கள் பக்கம் "சாப்ட்டாச்சா?" என்று கேட்டால் பதில் "ஆச்சு." காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவரும் அதைத்தான் சொல்வார். 'இல்லை' என்று சொல்லிவிட்டால் கேட்டவர் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டாக வேண்டும். அவர் வீட்டுப் பானையில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? அவரைச் சங்கடப்படுத்தக்கூடாது, அதனால் ஆச்சு. அதிலும் சம்சாரி வீட்டுக்காரர்கள் உயிர் போனாலும் வேறு பதில் சொல்ல மாட்டார்கள். சமூகவியல் புத்தகத்தில் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும் என்று நினைக்கிறேன்.)

4.

நான்காம் நாள் சங்கரபாண்டி விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தான். ஒரு டீயோடு சரி. மத்தியானம் மூன்று மணிக்கு ஆவுடைத்தாய் வீட்டுக்கு வந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆவுடைத்தாய்க்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. நாற்பத்தேழாம் கேள்விக்கு அவளும் "ஆச்சு" சொன்னாள், அவனும் மூன்று எழுதினான். பிறகு அவள் முறை.

"நீங்க சாப்ட்டாச்சா தம்பி?"

"ஆச்சும்மா. எட்டயபுரத்துல எறங்கிச் சாப்ட்டுட்டுத்தான் வாரேன்."

"இட்லியா?"

"இட்லி. பெறவு பூரி."

அந்தப் பூரியைச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த நேரம் பார்த்து அவன் வயிறு சத்தம் போட்டது. (எவ்வளவு சத்தம்? முதலில் 'இடி முழங்கியது' என்று எழுதி அடித்துவிட்டேன். அவன் "லேசா குர்ருன்னுச்சு அண்ணாச்சி" என்கிறான். இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்வோம். படுத்திருந்த ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது.)

ஆவுடைத்தாய் அவனைப் பார்த்தாள். அவன் தாளைப் பார்த்தான். மை காயாத மூன்று. தானே இந்த நிமிஷம் பூரியோடு சேர்த்து ஒரு முழுப் பொய்யைச் சொல்லியிருக்கிறோம், அதுவும் கொஞ்சம்கூடக் கூசாமல். அப்படியானால் இந்த நான்கு நாளில் எழுதிய நூற்றுச்சொச்சம் மூன்றும் என்ன? அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரியும் இருந்தது. பாதி பசி, பாதி பயம். இந்தத் தாள் இப்படியே போனால் தொட்டி இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

5.

இந்த இடத்தில் சங்கரபாண்டிக்கு ஒரு மேதாவி யோசனை வருவதாக எழுதலாம். அப்படி எதுவும் வரவில்லை. வாயில் வந்ததைக் கேட்டான்.

"பக்கத்து வீட்டுப் பெருமாயிம்மா சாப்ட்டாவளா?"

"அவ பேச்ச எங்கிட்ட எடுக்காதிய."

ஒன்பது வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆவுடைத்தாயின் வெள்ளாடு (இப்போது படுத்திருப்பதன் பாட்டி) பெருமாயியின் பருத்திக்குள் இறங்கி... அது தனிக் கதை, ஆட்டை விடுங்கள். சங்கரபாண்டி சரி என்று எழுந்தான்.

"திங்கக்கெழம ஒரு நேரம்" என்றாள் ஆவுடைத்தாய்.

"என்னதும்மா?"

"அவ சாப்ட்டது. கம்மங்கஞ்சி. செவ்வாக்கெழம ஒண்ணுங் கெடையாது. நேத்து அடுப்புப் பொகைஞ்சுது. ஆனா வெறுந்தண்ணி."

"உள்ள போயிப் பாத்தியளா?"

"நான் எதுக்கு அவ வாசல மிதிக்கேன்? கஞ்சி கொதிச்சா மணம் வராதா? தண்ணிக்கு என்ன மணம் இருக்கு? ஊர் பாக்கட்டும்னு சுள்ளியக் கொளுத்திக்கிட்டு ஒக்காந்திருக்கா, வீம்பு புடிச்சவ. புருசன் போயி, பிள்ளையும் இல்லாம ஒத்தையில கெடக்கா. கேட்டா வாய் தொறந்து சொல்லுவாளா?"

"நீங்க கேட்டியளா?"

"நாந்தான் பேச மாட்டேனே!"

சங்கரபாண்டி பென்சிலை எடுத்து, பெருமாயி பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டான். பேனாவில் எழுதத் துணிச்சல் இல்லை. அடுத்தாற்போல் பெருமாயி வீட்டுக்குப் போனான். சுவர் ஓரத்தில் உட்கார்ந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் குரல் கணீரென்று இருந்தது.

"ஆவுடைத்தாயா? அவ மக பிள்ளை பெத்து வந்து கெடக்கா. இருக்கதயெல்லாம் மகளுக்குப் போட்டுட்டு இவ வடிச்ச தண்ணியக் குடிச்சிட்டுத் திரியுதா. முந்தாநாள் ஒரு நேரம், நேத்து ஒரு நேரம். எனக்குத் தெரியாதா? அவ வீட்டுல கஞ்சி குடிச்ச கும்பா கழுவுத சத்தம் ஒரு தடவதான் கேக்கும்."

"நீங்க சாப்ட்டியளாம்மா?"

"எனக்கென்ன. ஆச்சு."

அவன் பையிலிருந்து போளிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். வயிறு நிறைந்திருக்கிறது என்றாள், பக்கத்து வீட்டில் பிள்ளை பெத்தவள் இருக்கிறாள், அங்கே கொடுங்கள், நான் சொன்னதாகச் சொல்லாதிய என்றாள். கொண்டுபோனான். ஆவுடைத்தாய், அந்த வீம்புக்காரிக்குக் கொடுங்க என்று திருப்பினாள். நான்கு தடவை நடந்தான். கால் சோர்ந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த குட்டைச் சுவரின்மேல் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

(திரும்பிப் பார்த்தான் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. என்ன பார்த்தான் என்று எழுத முடியவில்லை. மறுநாள் சுவர்மேல் பொட்டலம் கட்டிய நூல் மட்டும் கிடந்தது என்றான். இது நான் சேர்த்தது இல்லை.)

அடுத்த இரண்டு நாளும் எல்லா வீட்டுக்கும் மறுபடி போய், ஒவ்வொருவரிடமும் பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டான். ஒருவர்கூடத் 'தெரியாது' என்று சொல்லவில்லை. பென்சில் எண்கள் வந்தது அப்படித்தான்: 1, 0, 1, 1, 2, 0.

6.

பேராசிரியர் சண்முகராஜ் முதலில் கேட்டது, "போளி எங்கப்பா?"

பிறகு தாளைப் புரட்டினார். "இது என்ன பென்சில்?"

சங்கரபாண்டி சொன்னான்.

"பக்கத்து வீட்டுக்காரி சொன்னா அதுக்குப் பேரு வம்பு. பதில் சொல்றவங்க தன் வாயால சொன்னாத்தான் தரவு. நாளைக்கு ஸ்தாபனத்துக்காரங்க கேப்பாங்க, பூஜ்யம் எப்படி வந்துச்சுன்னு. நான் என்ன சொல்ல? மணம் வரலைன்னா? அழிச்சிரு. டைப் அடிக்கிறவர்கிட்ட பேனா எழுத்து மட்டும் போதும்னு சொல்லு."

இவரை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். மனசு வரவில்லை. மனுஷன் இருபது வருஷமாக அந்தப் புத்தகத்தைப் படித்தவர், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பயமும் இருந்திருக்கும். மணி இரண்டரை. சங்கரபாண்டி வாசல்வரை போனவன் திரும்பிக் கேட்டான்.

"சார் சாப்ட்டாச்சா?"

"ஆச்சுப்பா, ஆச்சு" என்றார் பேராசிரியர். மேசைமேல் அவருடைய டிபன் கேரியர் திறக்காமல் இருந்தது.

(கேரியரை வைத்தவன் நான். சொல்லிவிடுவேன் என்று சொன்னேன் அல்லவா.)

7.

முடிவு, அ: நான் பென்சில் எண்களை அடிக்கிறேன். தொட்டி அந்த ஊருக்கு வருகிறது. ஊரே வரிசையில் நிற்கிறது. பெருமாயி மட்டும் வரவில்லை, "எனக்கு ஆச்சு" என்கிறாள். ஆவுடைத்தாய் இரண்டு தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்று கஞ்சி வாங்கி, ஒன்றைக் குட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போகிறாள். பேச்சுக் கிடையாது. சாயந்திரம் சட்டி கழுவிக் கவிழ்த்து அதே இடத்தில் இருக்கிறது.

முடிவு, ஆ: நான் பேனா எண்களை அடிக்கிறேன். அறிக்கையில் அந்த ஊருக்கு மட்டும் 'தன்னிறைவு' என்று ஒரு தனிப் பத்தி. தொட்டி வேறு ஊருக்குப் போகிறது. பெருமாயி சுள்ளியைக் கொளுத்தித் தண்ணீரைக் காய்ச்சுகிறாள்.

நடந்தது இவ்வளவுதான்: மெஷினில் தாளைச் செருகிவிட்டு, "எத அடிக்க தம்பி?" என்று கேட்டேன். சங்கரபாண்டி மிச்சத் தாள்களின் ஓரத்தைத் தட்டித் தட்டி அடுக்கினான். பென்சிலை அடித்தால் அவனுக்குக் கிடைக்கவிருந்த வேலை போய்விடும். முகம் வாடிக் கிடந்தது.

"சாப்ட்டியா?"

"ஆச்சு அண்ணாச்சி. நீங்க?"

"ஆச்சு."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டோம். கீழே இறங்கிப் போய் ஆளுக்கு நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு மேலே வந்து அடித்தேன். எதை அடித்தேன் என்று உங்களிடம் சொல்வதாக இல்லை.

முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் நாற்பத்தேழாம் கேள்வி. உங்களைப் பற்றிக் கேட்க மாட்டேன், என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நேற்று உங்கள் பக்கத்து வீட்டில் எத்தனை வேளை உலை கொதித்தது?

எண்ணைச் சொல்ல முடிந்தவர்கள் முடிவு 'அ'வை எடுத்துக்கொள்ளலாம். சொல்ல முடியாதவர்கள் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரைக்கும் பெருமாயி தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பாள்.