மிகச் சரியாகப் பொருந்திய மாதிரி

ஓசூரில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் ரஞ்சிதாவுக்குக் கொடுத்த வேலை, நான்கு காலநிலைக் கணினி மாதிரிகளில் எது இந்த வட்டாரத்தின் நீர்ச்சுழற்சியைச் சரியாகக் காட்டுகிறது என்று சொல்வது. பெய்தது எவ்வளவு, ஆவியானது எவ்வளவு, மண்ணுக்குள் இறங்கியது எவ்வளவு என்பதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொன்னது. ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பள்ளிக்கூட வளாகத்தில் இருந்த மழைமானியின் பத்தாண்டுப் பதிவோடு எல்லாவற்றையும் ஒப்பிட்டாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருநாள்கூட விடுபடாத பதிவு அது ஒன்றுதான். மூன்று மாதிரிகள் மழையைக் குறைத்துக் காட்டின. தள்ளிவிட்டாள். நான்காவது அச்சாகப் பொருந்தியது. இருபது வருடத்துக்கு நிலத்தடி நீர் தாங்கும் என்றது அது. அவள் அறிக்கையை நம்பிப் புதிய தொழிற்பேட்டைக்கு நாற்பது போர்வெல்லுக்கு அனுமதி கொடுத்தார்கள்.

இரண்டே வருடம். அந்தக் கிராமத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றுகின்றன என்று கேள்விப்பட்டாள். லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

மழைமானியைப் பார்த்துக்கொண்டவள் மாதம்மாள், பள்ளியின் சத்துணவுச் சமையல்காரி. மழைக் கணக்கு நோட்டுகளை அடுக்கி வைத்துக் காத்திருந்தாள்.

"காய்ச்சல்ல கெடந்தப்பகூட வந்து அளந்துட்டுத்தான் போனேங்க மேடம்."

மழைமானி சமையல் கொட்டகையின் சுவரோரம் நின்றது. ரஞ்சிதா அண்ணாந்து பார்த்தாள். தகரக் கூரையின் விளிம்பு நேராக அதன் வாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கூரையில் விழுந்த மழையும் வழிந்து அதற்குள்தான் இறங்கியிருக்கிறது.

"இந்தக் கொட்டகை எப்பக்கா போட்டாங்க?"

"ஆச்சுங்க, பதினாலு வருசம். ஏங்க?"

ரஞ்சிதா நோட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். பத்தாண்டும் பெய்யாத மழையும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. அதற்குத்தான் நான்காவது மாதிரி அவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கிறது.

அவள் முகத்தைப் பார்த்து மாதம்மாள் பயந்துபோனாள். "நான் எழுதனது தப்புங்களா?"

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நாங்கதான் ஒரு தடவகூட வந்து பாக்கல."

வெளியே வந்து மேலாளர் கௌதமுக்குப் போன் செய்தாள். அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரிப்போர்ட் கையெழுத்தாகிப் போயாச்சு ரஞ்சிதா. அடுத்த ரிவிஷன்ல பாத்துக்கலாம்."

"அது எப்ப சார்?"

"அஞ்சு வருஷம் ஆகும்."

அன்று மாலையே தள்ளிவிட்ட மூன்று மாதிரிகளையும் திறந்து பார்த்தாள். இந்தப் பகுதியில் தண்ணீர் தீரும் வருடமாக மூன்றும் ஒன்றையே காட்டின. அது போன வருடம்.

கௌதமிடம் சொல்லாமல், தவறு தன்னுடையது என்று, அனுமதி கொடுத்த அரசுத் துறைக்கு எழுதினாள். வேலை போனது. ஒன்றரை மாதம் கழித்து, கடிதம் பெறப்பட்டது என்று ஒருவரிப் பதில் வந்தது. இதற்கிடையில் மாதம்மாள் வீட்டுப் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. ஊரில் பாதிப்பேர் ஓசூர் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

மறுபடி ரஞ்சிதா அங்கே போன நாளில், தொழிற்பேட்டைக்கு இருபத்தேழாவது துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வேலி ஓரம் நின்று நிறுத்தச் சொல்லிக் கத்திப் பார்த்தாள். இயந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.