ஆள் இருக்கும் அறை

அந்த ஓட்டலில் அக்கா பார்த்து "ரெடி" என்று சொல்லாமல் எந்த அறையும் அடுத்த விருந்தினருக்குப் போகாது. அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவள் அக்கா. விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, குளியலறையில் ஒரு முடி கிடக்கக் கூடாது, முன்னால் தங்கியவரின் வாசனைகூட மிஞ்சக் கூடாது. அன்று காலையும் ஒரு கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துத் தூசி தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய தம்பியின் போன் வந்தது.

"அக்கா, இடம் கிடைச்சிருச்சு. ஒரே ஒரு ரூம்தான் காலியாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம், இன்னொரு குடும்பமும் கேட்டுட்டு இருக்காங்களாம். லீவு சொல்லிட்டுக் கீழ வா, நான் வந்துட்டே இருக்கேன்."

"அப்பாவ யாருகிட்ட விட்டுட்டு வர்ற?"

"எங்க விடறது? பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. கார் கதவுப் பூட்ட நோண்டிட்டு இருக்காரு."

எழுந்த வேகத்தில் கட்டில் சட்டத்தில் தலை இடித்ததுகூட அக்காவுக்கு உறைக்கவில்லை. பாவம், எத்தனை நாள் காத்திருப்பு! அப்பா ஒரு காலத்தில் பேர்போன சாவிக்காரர். ஊரார் தொலைத்த சாவிக்கெல்லாம் மாற்றுச் சாவி செய்து கொடுத்தவர். இப்போது மறதி நோய் முற்றி, பெற்ற மகளையே "நீங்க யாரும்மா?" என்று கேட்கிறார். ஆனால் பூட்டைக் கண்டுவிட்டால் போதும், விரல்கள் தாமாக வேலையைத் தொடங்கிவிடும். வீட்டில் எதைப் போட்டுப் பூட்டினாலும் ஒரு ஹேர்பின்னால் திறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். போன வாரம் லாரிகள் பறக்கிற பெரிய சாலையின் நட்டநடுவில் நின்றவரை, யாரோ ஒரு டிரைவர் போட்ட பிரேக்தான் காப்பாற்றியது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். அடுத்த தடவையும் பிரேக் பிடிக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். நிதானம்தான் முக்கியம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன். அன்று அவன் ஓட்டிய ஓட்டத்தை மாணவர்கள் பார்த்திருந்தால் மறுநாளே ஸ்கூலை மூடியிருக்க வேண்டியதுதான்.

"யாரு வீட்டுப் பூட்டு?" என்று கேட்டார் அப்பா.

"உங்களுக்குத்தான்பா ஒரு இடம் பாக்கப் போறோம்" என்றாள் பின் சீட்டில் ஏறியிருந்த அக்கா.

"சாவி தொலைஞ்சு போச்சா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் மடியிலிருந்த பழைய பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த முதியோர் இல்லத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் இருவருக்கும் வாயெல்லாம் பல். தரையில் முகம் தெரிந்தது. வாசல் கதவில் எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டு. அப்பா நேரே அதனிடம் போனார். அதில் சாவித் துவாரமே இல்லை. தடவிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு கையை எடுத்துக்கொண்டார்.

"ஐயாவால இங்கருந்து ஓடவே முடியாது" என்று சிரித்தார் வரவேற்க வந்த மேனேஜர்.

உள்ளே பெரிய கூடம். டிவி எதிரே வரிசையாக நாற்காலிகள், நாற்காலி தவறாமல் ஒரு முதியவர். ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. "எவ்ளோ அமைதி பாத்தியா?" என்று தம்பி அக்காவின் காதைக் கடித்தான். ஆனால் அக்காவின் கண்கள் அதற்குள் நடைபாதைக்குப் போய்விட்டன. அறை என்று ஒன்றைக் கண்டபிறகு அவளைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்? திறந்திருந்த முதல் அறைக்குள் நுழைந்தாள். அலமாரி உச்சியில் விரலை ஓட்டினாள், தூசி இல்லை. விரிப்பை இழுத்துப் பார்த்தாள், இறுக்கிக் கட்டியதுபோல் நின்றது. குழாயைத் திறந்தாள், மூடினாள், ஒரு சொட்டு ஒழுகவில்லை. இழுப்பறை காலி, மேசை காலி, சுவரில் ஓர் ஆணித் தடம்கூட இல்லை. இத்தனை வருட அனுபவத்தில் குறை கண்டுபிடிக்க முடியாமல் அவள் திணறிய முதல் அறை அதுதான்.

"ரெடி" என்றாள், முகமெல்லாம் மலர. "எங்க ஓட்டல்லகூட இப்படி இருக்காது. இந்த ரூம எங்க அப்பாவுக்கே கொடுத்துருங்க சார்."

மேனேஜர் பெருமையாகத் தலையை ஆட்டினார். "சந்தோஷம் மேடம். ஆனா காலி ரூம் பக்கத்துல இருக்கு. இதுல ஆள் இருக்காங்க."

"எதுல?"

"இதுலதான். ஒரு கணக்கு வாத்தியார். ரெண்டு வருஷமா இருக்காரு. இப்போ கூடத்துல உக்காந்திருக்காரு."

அக்கா மறுபடியும் அந்த அறையைப் பார்த்தாள். ஆள் இருக்கும் அறை எது, காலி அறை எது என்று கதவைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறவள் அவள். ஒரே ஒரு ராத்திரி தங்குகிறவர்கூட எதையாவது விட்டுவைப்பார். ஈரத் துண்டு, கோணலாகக் கிடக்கும் செருப்பு, பாதி படித்த பேப்பர். இங்கே இரண்டு வருடம் வாழ்ந்த மனிதர் ஒருவருக்கு ஒரு சீப்புகூட இல்லை.

"அவரோட துணிமணி?"

"ஸ்டோர்ல இருக்கு. கைல கொடுத்தா கலைச்சுப் போட்டுடுவாங்க."

"ஒரு போட்டோ? புத்தகம்?"

"அதெல்லாம் தூசி சேரும் மேடம்."

அக்கா அறையை விட்டு வெளியேறினாள். கூடத்துக்குத் திரும்பி வந்து, வாத்தியார் யார் என்று கேட்டு, அவர் முன்னால் குந்தினாள். "சார், காலைல என்ன சாப்டீங்க?"

வாத்தியார் அவளைப் பார்க்கவில்லை. மேனேஜரின் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா சாப்டாரு" என்றார் மேனேஜர்.

எழுந்தபோது அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "எங்க அப்பா நாள் பூரா பூட்ட வச்சுட்டு உக்காந்திருப்பாரு. அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"இரும்புச் சாமானா? வாசல்லயே வாங்கி வச்சுருவோம். ரெண்டு நாள் சத்தம் போடுவாங்க, அப்புறம் பழகிடும்."

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னக்கா நீ? நீயே ரெடின்னு சொன்ன."

"அதாண்டா பயமா இருக்கு. ஒரு மனுஷன் இருக்கற ரூம நான் காலின்னு நெனச்சிட்டேன்."

"சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்கா. இத விட்டா வேற எங்க போறது? நாளைக்கு மறுபடியும் ரோட்டுக்குப் போயிட்டா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. காரில் ஏறியதுமே அப்பாவின் பூட்டு கிளிக் கிளிக் என்றது. அதைப் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டாள். "முன்னாடி ஒரு இடம் சொன்னியே, பழைய பில்டிங்?"

"நீதானே வேணாம்ன? போட்டோல ஜன்னல்ல துணி தொங்குது, சகிக்கலைன்ன."

"ஆமா, சொன்னேன். இப்ப வண்டிய எடு."

அங்கே சுவர்கள் சுண்ணாம்பு கண்டு வெகு காலமாகியிருந்தது. உள்ளே காலடி வைக்கும்போதே இரண்டு பெரியவர்கள் ஒரு பேப்பருக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தாள். ஒரு கட்டில் நிறையக் கம்பளி நூல். இன்னொன்றில் ரேடியோ பெட்டி, மூன்று மூக்குக்கண்ணாடி. எந்த விரிப்பும் நேராக இல்லை. ஓட்டலில் ஒரு தளம் இந்த லட்சணத்தில் கிடந்திருந்தால் அத்தனை பேர் சீட்டையும் கிழித்திருப்பாள். இப்போதோ அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தலைமை நர்ஸ் வந்தார். பிள்ளைகளை விட்டுவிட்டு நேரே அப்பாவின் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாங்க ஐயா. கைல என்ன வச்சிருக்கீங்க?"

"பூட்டு."

"திறக்குமா?"

"நான் தொட்டுத் திறக்காத பூட்டு இருக்கா?" என்றார் அப்பா. அந்த வாரத்தில் அவர் யாருக்காவது ஒழுங்காகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா கேள்விகளைப் பொழிந்தாள். நர்ஸ் ஒன்றையும் மழுப்பவில்லை. "வாசல்ல எப்பவும் ஒரு ஆள் உண்டு. வெளிய போகணும்னு கிளம்பினா தடுத்து இழுக்க மாட்டோம், கூட ஒருத்தர் நடப்போம். தோட்டத்துல ஒரு சுத்துப் பாதை இருக்கு, எவ்ளோ நடந்தாலும் திரும்ப இங்கதான் வரும். தூக்க மருந்து டாக்டர் சொன்னாத்தான் கொடுப்போம். எங்கள நம்பாதீங்க, சொல்லாம கொள்ளாம ஒரு நாள் வந்து பாருங்க."

"உங்க பாத்ரூம்ல கைப்பிடி ஆடுது சிஸ்டர்."

"தெரியும்மா. இன்னைக்குச் சரி பண்ண ஆள் வர்றாரு. ரெண்டு பேர் தங்கற ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்கு, சம்மதமா?"

அதற்குள் அப்பா சாப்பாட்டு மேசையில் கடை விரித்துவிட்டார். பூட்டைக் கழற்றியாகிவிட்டது. திரும்பப் பொருத்தத் தெரியவில்லை, எந்தத் துண்டு எங்கே போகும் என்று விழித்தார். அங்கே வசிக்கும் அம்மா ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். "என் பெட்டிக்கு ஒரு சாவி போட்டுத் தருவீங்களா?"

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு வாங்கம்மா. இன்னைக்கு வேலை ஜாஸ்தி."

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டான். அப்பா வேலைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்! அக்காவுக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. அப்போது அவளுடைய போன் அடித்தது. முதல் இல்லத்தின் மேனேஜர்.

"மேடம், இன்னொரு பார்ட்டி வெயிட் பண்றாங்க. ரூம உங்களுக்கே வச்சிரலாமா?"

"வேணாம் சார். வேற இடம் பாத்துட்டோம்."

"ஏன் மேடம்? நீங்களே வாய் நிறையப் பாராட்டினீங்களே. எங்ககிட்ட என்ன குறை கண்டீங்க?"

"பாராட்டினது என் தப்பு சார். தங்கினவங்க போனப்புறம், அவங்க இருந்த தடமே தெரியாம துடைக்கறதுதான் என் தொழில். அந்தக் கண்ணாலயே உங்க இடத்தையும் பாத்துட்டேன். பெத்தவங்களுக்கு இடம் தேடிப் போறவங்க தரையவும் சுவத்தையும் பாத்து மயங்கக் கூடாது. அங்க இருக்கறவங்க மூஞ்சியப் பாக்கணும். மறதி வந்தாலும் அவங்களுக்குன்னு ஒரு பொருள், ஒரு பழக்கம், ஒரு பேச்சு மிச்சம் இருக்கான்னு பாக்கணும். அந்த வாத்தியார் உயிரோட உக்காந்திருக்கறப்பவே அவர் ரூம நீங்க காலி பண்ணிட்டீங்க. எங்க அப்பா இன்னும் போகல சார்."