ஜாடியின் கழுத்தில் ஒரு கை

அக்கா பட்டறையை விட்டுப் போனதற்குக் காரணம் ஒரு ஜாடி. அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதி.

நாங்கள் செய்வது புகை ஜாடி. நான் சக்கரத்தில் வனைவேன். ஈரம் பாதி வற்றியதும் அக்கா கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவாள். மின்சூளையில் ஒரு முறை சுட்டெடுத்து, பிறகு இரும்பு டிரம்மில் மரத்தூளுக்குள் புதைத்து, தீ மூட்டி மூடிவிடுவோம். ஒரு பகல் முழுக்கத் தூள் கனன்றுகொண்டிருக்கும். புகை மண்ணுக்குள் இறங்கி, கறுப்பும் சாம்பலுமாகத் தன் இஷ்டத்துக்குப் படரும். மேல்பூச்சு கிடையாது. தண்ணீர் ஊற்றினால் கசிந்துவிடும். காய்ந்த பூ வைக்கத்தான் ஆகும்.

"தண்ணி நிக்காத ஜாடிய வித்துப் பொழைக்கிற ஆளுங்க இந்த ஊர்லயே நீங்க ரெண்டு பேருதான்" என்பார் பூக்கடைக்கார அம்மா. சொல்லிக்கொண்டே பன்னிரண்டு ஜாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போவார்.

மெருகேற்றிய ஜாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. கையில் துளி எண்ணெய்ப்பசை இருந்தாலும் அந்த இடம் புகையை அதிகமாகக் குடித்துக் கறுத்துவிடும். அக்கா இதில் ரொம்பக் கறார். பருத்திக் கையுறை இல்லாமல் ஜாடி பக்கமே வரமாட்டாள். எனக்கும் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தாள். என் வலது மோதிர விரல் பாதிதான் இருக்கும். மீதியைப் பத்தொன்பது வயதில் மண் பிசையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்துக் கடை மெக்கானிக், கட்டை விரலைக் கணக்கில் சேர்க்காமல், என்னை 'மூணரை' என்றுதான் கூப்பிடுவார். கையுறையில் அந்த ஒரு விரலை மட்டும் அக்கா குட்டையாகத் தைத்திருந்தாள்.

"என்னக்கா, ஆபரேஷனா பண்ணப் போறேன்?" என்று சிரித்து, அதை இழுப்பறையில் போட்டேன். அதோடு சரி.

டிரம்மைத் திறந்த அன்று பூக்கடைக்கார அம்மாவும் வந்திருந்தார். பதினொரு ஜாடிகள் நன்றாக வந்திருந்தன. பன்னிரண்டாவது ஜாடியின் கழுத்தில், கன்னங்கரேலென்று ஒரு கை. யாரோ கழுத்தைப் பிடித்துத் தூக்கியது போல.

"என்னப்பா இது, ஸ்டேஷன்ல கைரேகை எடுத்த மாதிரி இருக்கு?" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் கையுறைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நேற்றும் அங்கேதான் கிடந்தனவோ என்று தோன்றியது. தோன்றியதுதான் தாமதம்.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவ. கையுறையத் தோய்ச்சுப் போட்டுட்டு வெறுங்கையில தொட்டியா? பாரு, மானம் போகுது."

அக்கா ஜாடியை வாங்கினாள். கழுத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

அன்று மாலையே துணிமணிகளைப் பையில் வைத்துக்கொண்டாள். "கொஞ்ச நாள் பொண்ணு வீட்ல இருந்துட்டு வரேன்." வரேன் என்றுதானே சொன்னாள் என்று நானும் விட்டுவிட்டேன். மேஜைமேல் அவள் கரண்டி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போகாதது எனக்குப் பெரிய ஆறுதல்.

பத்து நாள் கழித்து மெக்கானிக் வாசலில் வந்து நின்றார். "யோவ் மூணரை, என் கிரீஸ் டப்பா எங்கய்யா? டிரம் கிளிப்புக்குப் போடணும்னு வாங்கிட்டுப் போனியே, முழுசா முழுங்கிட்டியா?"

டப்பாவைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றேன். டிரம்மில் அடுக்கிய அன்று மூடியின் கிளிப் இறுகிக்கொண்டது. கிரீஸ் போட்டேன். கையைப் பேன்ட்டில் துடைத்தேன். உள்ளே வைக்க இன்னும் ஒரு ஜாடி பாக்கி இருந்தது.

ஜாடியை ஜன்னலோரம் எடுத்துப் போய், அந்தக் கறுப்பின்மேல் என் வலது கையை வைத்தேன். பொருந்தியது. மோதிர விரலின் தடம் பாதியில் நின்றிருந்தது. அன்று ஆத்திரத்தில் நான் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

போன் பக்கத்திலேயே இருந்தது. கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன்.

புகை ஜாடியை மறுபடியும் மின்சூளையில் சுட்டால் புகையெல்லாம் எரிந்து போய்விடும். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். சுட்டேன். கழுவித் துடைத்த முகம் போல வெளிறி வந்தது ஜாடி. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாதது அந்த நிம்மதிதான்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். பையோடு என்னை வாசலில் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வாடா. சாப்டியா?"

"சாப்ட்டேங்க்கா." ஜாடியைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். "கறை போயிடுச்சு பாரு. நீ வந்தா மறுபடி புகை போட்டுடலாம். நடந்தத விடு."

அக்கா ஜாடியை மெதுவாகத் திருப்பினாள். கழுத்தைத் தடவினாள்.

"எங்கடா அது?"

"எது?"

"உன் மோதிர விரல்."

உள்ளே அவள் மகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. குழாயை மூடினாள்.

"அன்னிக்கே தெரியுமாக்கா?"

"துண்டான விரலுக்கு ஆறு மாசம் கட்டு மாத்தினவடா நான்."

"அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தம்மா முன்னாடியா? அப்புறம் உன்ன எவ மதிப்பா?" ஜாடியைத் தரையில் வைத்தாள். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன். போன் அடிச்சா நீயாத்தான் இருக்கும்னு ஓடுவேன். இப்பக்கூட, நீ பையோட நின்னியா, தம்பி சொல்லத்தான் வந்திருக்கான், கூடவே கிளம்பிடலாம்னு நெனச்சேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையமர்த்தினாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

வெளிச்சம் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது.

"கிளம்பு. அப்புறம் பஸ்ல உக்கார இடம் கிடைக்காது."

"ஜாடி இங்கேயே இருக்கட்டுமா?"

"வேண்டாம், எடுத்துட்டுப் போ. இதுல ஒண்ணுமே இல்ல."

அக்கா திரும்பி வரவில்லை. போன் செய்தால் பேசுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

இப்போது மெருகும் நானே ஏற்றுகிறேன், அவள் கரண்டியால். அவள் கைக்கு வந்த பளபளப்பு எனக்கு வரவில்லை. டிரம்மில் அடுக்குவதற்கு முன் இழுப்பறையைத் திறந்து கையுறையை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். அளவெடுத்துத் தைத்தது. அந்தக் குட்டை விரல்கூட, ஒரு சுருக்கம் இல்லாமல், அப்படியே பொருந்துகிறது.