விழுந்த கூம்பைக் கைகாட்ட வேண்டும்

எங்கள் கார் ஓட்டும் கழகத்தில் தனியாக நடுவர் என்று எவரும் இல்லை. காலையில் ஓட்டியவர்கள் மதியத்தில் கூம்புகளுக்குக் காவல் நிற்க வேண்டும். மதியம் ஓட்டுகிறவர்கள் காலையில் நின்றிருப்பார்கள். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வளைந்து நெளியும் பாதை அமைப்போம். கார்கள் சற்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் பாயும். கூம்பைச் சாய்த்தவரின் நேரத்தோடு இரண்டு விநாடி கூட்டப்படும். சாய்ந்ததா இல்லையா என்பதற்கு அருகில் நிற்கும் காவலரின் வாய்ச்சொல்லே தீர்ப்பு. நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்பதை நாங்கள் ஓர் அக்டோபர் ஞாயிறன்றுதான் கற்றோம்.

அன்று அவ்வாண்டின் கடைசிப் போட்டி. பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லீன் குபியாக், தம் கையாலேயே பழுது பார்த்த பழைய சிறு காரில் பல ஆண்டுகளாக இரண்டாம் இடத்திலேயே நின்றவர். அன்று முதலிடத்தில் இருந்த கிரெய்க் ஹாஸ்லரை முந்தினால் ஆண்டுக் கோப்பை அவருடையது. இருவருக்கும் ஓர் ஓட்டமே மீதி; அதுவரை எல்லா ஓட்டங்களின் மொத்த நேரத்தில் கிரெய்க் மயிரிழை முன்னே இருந்தார்.

கிரெய்க் பாய்ந்தார். அவர் பின்னாலேயே டார்லீன் புறப்பட்டார். பழைய விமானக் கொட்டகைக்கு அப்பாலுள்ள வளைவில் டயர்கள் அலற டார்லீனின் கார் நின்றது. சன்னல் வழியே ஒரு கை நீண்டு தரையைக் காட்டியது.

முன்னே சென்ற கார் சாய்த்த கூம்பு பாதையில் கிடந்தாலோ, இடம் மாறி நின்றாலோ அங்கேயே நின்று கைகாட்ட வேண்டும். மறு ஓட்டம் கிடைக்கும். ஓடி முடித்த பின் முறையிட வழியில்லை.

அந்த வளைவில் காவல் நின்றவர் கிரெய்க்கின் மைத்துனர் ரஸ். துணைக்கு நின்றவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். ரஸ் ஓடிச்சென்று கூம்பை நிமிர்த்திவிட்டு வாக்கி டாக்கியில் சொன்னார்: "இங்க ஒண்ணும் விழல. அவங்களா நின்னுட்டாங்க."

டார்லீன் நேரம் குறிக்கும் வண்டிக்கு வந்து, கழகத் தலைவர் லாய்டின் முன் நின்றார்.

"காவல் நிக்கிறவன் பேச்சுதான் செல்லும், டார்லீன்," என்றார் லாய்ட்.

"அப்போ பஸ் ஸ்டாப்புன்னு நெனச்சு நிறுத்தினேனா?"

"வயசான வண்டி. மூச்சு வாங்க நின்னிருக்கும்," என்றார் கிரெய்க்.

"கோன்ல இடிச்சா உள்ள இருக்கிறவனுக்குச் சத்தம் கேக்கும், கிரெய்க். உனக்குக் கேட்டுச்சா, கேக்கலையா? அதச் சொல்லு."

கிரெய்க் ஹெல்மெட்டின் வாரைத் தேடிப்பிடித்து இறுக்கினார்.

அதற்குள் அடுத்து ஓட்டிய கோதுமை விவசாயி வெண்டெலும் அதே வளைவில் நின்று கைகாட்டினார். லாய்டும் நாங்களும் போய்ப் பார்த்தோம். கூம்பு நிமிர்ந்துதான் நின்றது. ஆனால் அதற்கென்று சாக்பீஸால் வரைந்த கட்டத்திலிருந்து ஓரடி விலகி நின்றது. அவசரத்தில் நிமிர்த்தியவர் கட்டத்தைப் பார்க்க மறந்திருந்தார். டார்லீனின் டயர்த் தடமோ கூம்புக்கு வெகு முன்னாலேயே முடிந்திருந்தது.

"காத்து தள்ளியிருக்கும்," என்றார் ரஸ்.

"கீழ தள்ளாம, நிக்க வச்சபடியே நகத்திட்டுப் போச்சா? நல்ல மரியாதை தெரிஞ்ச காத்துப்பா!" என்றார் வெண்டெல்.

லாய்ட் தீர்ப்புச் சொன்னார். டார்லீனுக்கும் வெண்டெலுக்கும் மறு ஓட்டம் உண்டு. கிரெய்க் இடித்ததை யாரும் பார்க்கவில்லையாதலால் அவருக்குத் தண்டனை இல்லை. "ஜாலிக்குத்தானே வர்றோம், விட்டுடுங்கப்பா," என்று வேறு சொன்னார். விளையாட்டில் சொன்ன பொய் என்பதால் அது பொய்யில்லை என்றாகிவிடுமா? ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவதைத் தவிர வேறு எதுவுமில்லாத இடத்தில், அந்தச் சொல்லைத் திருடுவதைவிடப் பெரிய திருட்டு எது?

டார்லீன் மீண்டும் ஓட்டினார். கூம்பு ஒன்றும் சாயவில்லை. ஆனால் கண்ணிமைக்கும் நேர வித்தியாசத்தில் தோற்றார்.

கோப்பையை இடக்கையில் அணைத்தபடி, கிரெய்க் வலக்கையைக் குலுக்க நீட்டினார். டார்லீன் அதைத் தொடவில்லை. தம் கையை உயர்த்தி, பாதையில் கிடக்கும் கூம்பைக் காட்டுவதுபோல், அவரைக் காட்டினார்.

"என்ன இது, டார்லீன்?" என்றார் லாய்ட்.

"விழுந்து கிடக்குது, லாய்ட். யாரோ நிமித்தி வச்சிருக்காங்க. பாத்தா நின்னு கைகாட்டணும். அதானே ரூல்?"

வெண்டெலும் கையை நீட்டினார். கிரெய்க்கின் முகம் சிவந்தது. சட்டென்று ரஸ் பக்கம் திரும்பினார்.

"உன்னை நான் நிமித்தி வைக்கச் சொன்னேனா, மச்சான்? ரெண்டு செகண்டு போனா போகுதுன்னு கிடந்த இடத்துலயே விட்டிருக்கலாம்ல!"

சொன்ன பிறகுதான், தாம் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. லாய்ட் மெதுவாக நடந்து வந்து அவரிடமிருந்து கோப்பையை வாங்கிக்கொள்ளும் வரையில், டார்லீன் தம் கையை இறக்கவே இல்லை.