முதற்சொல்

...இல்லை, இன்றைக்கு மகள் கதைப்பாள், கதைக்காமல் எங்கே போவாள், காலையிலிருந்து வாய் ஓயாமல் பாட்டுத்தானே, என்று நினைத்தபடி நுஸ்ரா சூடை மீனின் தலையைக் கிள்ளிச் சட்டிக்குள் போட்டாள். ஜும்ஆத் தொழுகை முடிந்து கத்தாரில் அறைக்குத் திரும்பியதும் கணவன் றஸ்மி போன் எடுப்பான். போன வெள்ளிக்கிழமையும் எடுத்தான். றிஃப்னா வாயே திறக்கவில்லை. "நர்சரியிலயும் கதைக்கிறாள் இல்லையாம், என்னோடயும் கதைக்கிறாள் இல்ல... இந்தக் கெழமையும் இப்பிடியெண்டா கொழும்புல ராத்தாட ஊட்டுல உடுவம். நாலு புள்ளயளோட இருந்தா வாய் தொறக்கும்," என்றிருந்தான். அவனுடைய ராத்தா நல்ல அக்காதான், வீடும் பெரிசு, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை இரவில் தண்ணீர் கேட்க யாரை எழுப்பும்? கதைக்காத பிள்ளையா இது? பாட்டென்றால் எப்படிக் கொட்டுகிறாள்! நுஸ்ராவே கட்டிய பாட்டுகள், நுரைச்சோலைக் கரையில் நிற்கும் காற்றாலை, கடல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வைத்து, பல் துலக்க ஒன்று, சோறு தின்ன ஒன்று... "காத்தாடி..." என்று இவள் தொடங்கிக் கொடுத்தால் போதும், "மூணு கை நீட்டுது" என்று வந்துவிடும். "கடல்..." என்றால் "அதுக்குக் கதை சொல்லுது." மதரஸாவில் இவளுக்கும் அப்படித்தானே ஓதித் தந்தார்கள், முதற்சொல் அவர்களுடையது, மிச்சம் பிள்ளைகளுடையது...

போன் அடித்தது. கை முழுக்கச் செதில். விரல் முட்டியால் தட்டி, சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். திரையில் றஸ்மி மெலிந்திருந்தான், சாப்பிடுகிறானோ என்னவோ. "எங்க வாப்பாட மகள்? பாட்டொண்டு சொல்லுங்க பாப்பம்." றிஃப்னா கதிரையில் ஏறி நின்றாள். போனைப் பார்க்கவில்லை. நுஸ்ராவின் வாயைப் பார்த்தாள். அசையாமல், உதட்டையே... அல்லாஹ், வெட்கமில்லையா இது, பயமில்லையா, இவ்வளவு நாளும் என் வாய் திறக்கட்டும் என்றா காத்திருந்தாள்? நர்சரியிலும் அந்த டீச்சரின் வாயை இப்படித்தான் பார்த்து நின்றிருப்பாளோ? 'காத்தாடி' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் பாட்டு வரும், றஸ்மி சந்தோஷப்படுவான், கொழும்புக் கதை இன்றோடு முடியும். ஆனால் நாளைக்கு? நாளைக்கு யார் எடுத்துக் கொடுப்பது? மீன்கையாலேயே முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தம் மட்டும். "போன் நிண்டுட்டா?" என்றான் றஸ்மி. அப்போதுதான் அந்தச் சின்னக் குரல் வந்தது.

"மூணு கை நீட்டுது... அதுக்குக் கதை சொல்லுது... வந்து உப்பு வெளையுது... கையில சோறு மணக்குது."

எல்லா வரியும் தலையில்லாமல், சட்டியில் கிடக்கிற சூடை மாதிரி. முதற்சொற்களைப் பிள்ளைக்கு இவள் கொடுக்கவேயில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "யா அல்லாஹ், ஆருக்கு மகள் மூணு கை? ஊட்டுக்குள்ள பேய் கீய் வந்துட்டா?" றஸ்மி சிரித்தான். கதிரை கிறீச்சிட்டது. "பேயில்ல வாப்பா," என்றாள் றிஃப்னா, கொஞ்சம் கோபமாக, "காத்தாடி! கரையில நிக்கிதே, பெரிசா. நீங்க காணல்லயா?" பாட்டில்லை, யாரும் சொல்லிக் கொடுத்ததுமில்லை. நுஸ்ராவுக்குக் கண் கரித்தது, மீன்கை பட்டதாலோ என்னவோ.

"காணல்லயே மகள், வாப்பா வந்து பாக்கிறன்," என்றான் அவன், பிறகு குரலைத் தாழ்த்தி, "உம்மா எங்க? நுஸ்ரா... கதைக்கிறாள்தான், எண்டாலும் ராத்தா அறையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டா. நீ என்ன சொல்ற?" நுஸ்ரா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். சொல்ல வேண்டியது முழுக்க உள்ளே இருந்தது, வரி வரியாக, போன வாரத்திலிருந்தே. அனுப்புவமா என்று அவன் கேட்டால் வேண்டாம் என்பாள், வேண்டாமா என்று கேட்டால் ஓம், வேண்டாம் என்பாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் எடுத்துக் கொடுத்த சொல்லிலிருந்துதானே இவள் கதைத்திருக்கிறாள்... இன்றைக்கு அவன் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. "நுஸ்ரா?" கதிரையில் நின்ற றிஃப்னா திரும்பி, தாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.