தசரதனின் அசையும் சொத்து

தன் மகன் தசரதனிடம் ஜப்தி செய்ய ஒரு சாமானும் இல்லை என்று பாஞ்சாலி சொன்னபோது, அதைக் கேட்டுக்கொண்டிருந்த வருவாய் ஆய்வாளர் ரகுபதி அந்த வீட்டு பிரிட்ஜின் மேல்தான் சாய்ந்து நின்றார்.

"பிரிட்ஜு என் பேர்ல கீது சார். டிவி மருமவளுது, சீர்ல வந்தது. வூடும் என்துதான். இவன் பேர்ல ஒண்ணியும் கெடையாது."

"அப்ப இவரு?"

"இவன் என் புள்ள."

பிள்ளையை ஏலம் விடச் சட்டத்தில் இடமில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் பாஞ்சாலி வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வாடகை அறைகள். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்கள் ஒரே பாயில் ஷிப்டு மாற்றித் தூங்கும் அறைகள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம், வேலை முடிந்து வந்த மாரிசெல்வம் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் மோட்டார் சுவிட்சைப் போட்டான். "எவன்டா மோட்டாரப் போட்டது?" என்று கேட்டுக்கொண்டே வந்த தசரதன், பதிலுக்குக் காத்திருக்காமல் இரும்புக் குழாயால் அடித்தான். சுவிட்சின் மேலிருந்த வலது கட்டைவிரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

தசரதனுக்கு ஆறு மாதம் ஜெயில், மாரிசெல்வத்துக்கு ஒரு லட்சம் இழப்பீடு, கட்டத் தவறினால் மேலும் இரண்டு மாதம் என்று தீர்ப்பு வந்தது. கட்டத் தவறுவதில் தசரதன் தவறவில்லை. எல்லா மாதமும் உள்ளே இருந்துவிட்டு, கொஞ்சம் சதை போட்டுத் திரும்பி வந்தான்.

"காசுக்குப் பதிலாதான் ரெண்டு மாசம் இருந்துட்டு வந்துட்டேனே சார். கணக்கு முடிஞ்சிது."

"இது இழப்பீடுப்பா. நீ எத்தினி மாசம் உள்ள இருந்தாலும் அந்தப் பையன் காசு அப்படியே நிக்கும்."

"அப்ப அந்த ரெண்டு மாசம் சும்மாவா இருந்தேன்?" தசரதன் நிஜமாகவே ஏமாற்றப்பட்டவன்போலக் கேட்டான்.

ரகுபதி கொல்லைப்பக்கம் போனார். தகரக் கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "நல்ல மோட்டாரா இருக்கே" என்றார்.

"நான் வாங்கினது சார். ஒரு ரிப்பேர் கெடையாது. பில்லு கூட என் பேர்லதான் கீது."

பாஞ்சாலி தலையில் கைவைத்தாள். "அது தரையோட முறுக்கி வெச்சது சார், அசையாது" என்று சொல்லிப் பார்த்தாள்.

"கழட்டினா அசையுமில்ல?" ரகுபதி ஸ்பேனர் கேட்டார். அதையும் தசரதனே எடுத்துக் கொடுத்தான்.

மாரிசெல்வத்துக்கு அந்தப் பணம் விரலுக்காக வேண்டியிருந்தது. போல்ட் பிடிக்க முடியாதவனை ஒப்பந்தக்காரர் தொழிற்சாலை லைனிலிருந்து நிறுத்திவிட்டார். இப்போது ஒரு கிடங்கில் கேட் திறந்து மூடுகிறான். விரலின் தசைநாரை இழுத்துத் தைத்துவிடலாம், ஆனால் இந்த வருடத்துக்குள் செய்யாவிட்டால் அப்படியே இறுகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அடித்தவன் வீட்டிலேயே ஏன் குடியிருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கும் அவனிடம் பதில் உண்டு. அறையைக் காலி செய்தால்தான் பாஞ்சாலி அட்வான்ஸ் தருவாள். அட்வான்ஸ் வந்தால்தான் அவனால் காலி செய்ய முடியும்.

மோட்டார் போன பிறகு குழாயில் காற்று வந்தது. அறைத்தோழன் மாசானம்தான் முதலில் வாய் திறந்தான்.

"ஏலே மாரி, கோர்ட்ல உனக்காவ சாட்சி சொன்னவன் நான். அந்த உரிமையில கேக்கேன். குளிச்சு மூணு நாளாச்சு. சூப்பர்வைசர் எட்ட நின்னு பேசுதான்."

"வேற மோட்டாரு வாங்கிப் போடச் சொல்லுலே அவன."

"சொன்னோம். 'உங்க தோஸ்த்தக் கேளுங்க'ங்கான்."

"அப்ப நான் விட்டுரட்டா?"

மாசானம் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தான். "விட்டுரச் சொல்லலைலே" என்றான். எதைச் செய்யச் சொல்கிறான் என்பதையும் சொல்லவில்லை.

ஏலத்துக்கு ஊரே வந்திருந்தது. யாரும் விலை கேட்கவில்லை. பாதிப் பேர் தசரதனுக்குச் சொந்தம். மீதிப் பேர், விலை கேட்பது யார் என்று பார்க்க வந்தவர்கள். கடைசியில் மாசானம் கை தூக்கினான். அறைக்கு அறை வசூல் செய்து வைத்திருந்தார்கள். மாரிசெல்வத்திடம் மட்டும் கேட்கவில்லை. "உன் கேசுக்கு உன்கிட்டயே பிரிச்சா கேவலம்லா" என்றான் மாசானம். நாலாயிரத்துக்கு மோட்டார் படிந்தது.

ஷேர் ஆட்டோவில் ஏறி அது பழைய கொட்டகைக்கே வந்து சேர்ந்தது. தசரதன் தானே முறுக்கி வைத்தான். "போரு எங்குளுது, மோட்டாரு உங்குளுது. இதுவும் நல்லாத்தான் கீது" என்றான். அன்று முதலில் குளித்ததும் அவன்தான்.

ஏலத் தொகை கோர்ட்டுக்குப் போய், மனுப் போட்டு, மாரிசெல்வத்தின் கணக்குக்கு வந்தது. பின்னாலேயே மாசானம் வந்தான்.

"ரூவா ஏறிட்டாமே?"

"ஏறிட்டு."

"பயலுவ கேக்கானுவ. நாங்க மோட்டாருக்குப் போட்ட ரூவா சுத்திச் சுத்தி உன்கிட்டதான வந்திருக்கு. திருப்பிக் குடுத்திட்டேன்னா..."

"அது என் விரலுக்கு வச்ச ரூவால்லா."

"நாலாயிரத்துல எந்த விரலுலே மடங்கும்?"

மாரிசெல்வம் பணத்தைக் கொடுக்கவில்லை. ரகுபதியிடம் போய் மீதியைக் கேட்டான். "அவன் பேர்ல அசையுற மாதிரி வேற எதுனா கண்ல பட்டா சொல்லுப்பா" என்றார் அவர்.

அறையில் யாரும் சண்டை போடவில்லை. அவனுக்கும் சேர்த்து வாங்கும் டீ மட்டும் நின்றது. பிறகு ஒரு நாள் சுவிட்சுக்கு மேலே தகரத்தில் யாரோ சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: 'பங்கு போட்டவர்கள் மட்டும்.'

கிடங்கிலிருந்து புழுதியோடு திரும்பிய மாரிசெல்வம் வாளியை வைத்துவிட்டு அதைப் படித்தான். குழாயைத் திறந்து பார்த்தான். சொட்டுத் தண்ணீர் இல்லை. பிறகு இடது கையால் சுவிட்சைப் போட்டான்.

"எவம்லே மோட்டாரப் போட்டது?"

கேட்டது மாசானம். வாயெல்லாம் நுரையோடு வந்தான். அவன் கையில் பல் தேய்க்கும் பிரஷ் மட்டும்தான் இருந்தது.

மாரிசெல்வம் அதற்குள் வலது கையைச் சட்டைக்குள் ஒளித்திருந்தான்.